குனிந்த தலைகள்

ஞானவேல் வாத்தியாருக்குத் தலை சுற்றியது.

ஆயக்குடியிலிருந்து மாற்றலாகி இந்த மேல்மலைப் பள்ளிக்கு வந்து எட்டு நாள்தான் ஆகிறது. அதில் இரண்டு நாள் ஆட்டிசம் பற்றிய பயிற்சியில் போய்விட்டது. கையில் ஒரு ஃபாரம். அறிகுறி உள்ள பிள்ளையின் பெயரை இன்றே எழுதி அனுப்பினால், வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியர் மலையேறி வருவார்.

'முகம் பார்த்துப் பேசுவதில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

ஏழாம் வகுப்பின் பதினான்கு தலைகளும் குனிந்திருந்தன. இத்தனை நாளும் அதைக் கூச்சம் என்றுதான் நினைத்திருந்தார்.

"ஏலே டிக்சன், என்னையப் பாத்துச் சொல்லு. மழை எப்படிப் பெய்யுது?"

டிக்சன் பெஞ்சைப் பார்த்துச் சரியான பதில் சொன்னான்.

"பிரியா, நீ சொல்லும்மா."

பிரியா சுவரிலிருந்த பல்லியிடம் சொன்னாள்.

வெளியே மணி அடித்தது. பதினான்கு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதையும் அவர் குளிருக்கு என்று நினைத்திருந்தார்!

அடுத்த வரி, 'சத்தம் கேட்டால் காதைப் பொத்துவது.'

வகுப்பு மொத்தமுமா? இல்லை, புது வாத்தியாரை வைத்து விளையாடுகிறார்களா? பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

கோபம் வந்துவிட்டது.

"இது யாரு பாத்த சோலி? எந்திரி!"

வகுப்புத் தலைவி அனிட்டா எழுந்தாள். கண் தரையில்.

"கிண்டலா?"

"இல்லைங்க சார். எங்கள்ல ஒரு ஆளு நெசமாவே அப்படித்தான். மூஞ்சியப் பாக்க வராது. மணி அடிச்சா தாங்காது."

"யாரு? பேரைச் சொல்லு." பேனாவைத் திறந்தார்.

"சொல்ல மாட்டேன் சார். போன வருசம் இருந்த சார், திமிருன்னு அந்தப் புள்ளைய அடிச்சாரு. பெறகு, வீட்டுலயே கெடன்னு அனுப்பிட்டாரு. மூணு மாசம் பூண்டு உரிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. புது சார் வர்றாருன்னதும், நாங்கதான் போயிக் கூட்டியாந்தோம்."

"சரி, அதுக்கு நீங்க எல்லாரும் ஏன்..."

அனிட்டா தலையை நிமிர்த்தினாள். எட்டு நாளில் முதல் முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"பதினாலு பேரும் அப்படியே இருந்தா, நீங்க யாரை சார் வீட்டுக்கு அனுப்புவீங்க?"