வத்சலா சொல்லாத தீர்ப்பு

தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை வத்சலாவுக்குத் தெரியும். இஸ்திரிக்கார ஏகாம்பரத்துக்குத் திருட்டு வழக்கில் ஏழு வருஷம் போட்ட ஜூரியில் தானும் ஒருத்தி என்பது மட்டும், அவன் அப்பீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் ஜூரியை யாரும் நேரில் கூப்பிடுவதில்லை. அவர்கள் போனில் ஊர்க்கதை பேசுவதை அவர்களுக்கே தெரியாமல் கேட்டு, அதிலிருந்தே கோர்ட் தீர்ப்பை எடுத்துக்கொள்கிறது.

கோர்ட் கவுன்டரில் கிளார்க் திரையைப் பார்த்துப் படித்தார். "'அவன் முழியே திருட்டு முழி.' நாற்பத்தொரு தடவை சொல்லியிருக்கீங்கம்மா."

"சொல்லியிருப்பேன் சார், பொழுது போகணுமே. எங்க வீட்டுக்காரரைக்கூடக் கொலைகாரப் பாவின்னு தினமும்தான் சொல்றேன். அவரையும் பிடிச்சு உள்ள போடுவீங்களா?"

துணைக்கு வந்திருந்த வீட்டுக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னிக்கு அஞ்சு மணியோட அப்பீல் டைம் முடியுதும்மா. ஜூரியை நேர்ல கேட்டு எழுத எங்ககிட்ட படிவமே இல்லை."

வத்சலா போனை அணைத்து வீட்டுக்காரர் கையில் திணித்தாள். நாற்காலியைக் கவுன்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெள்ளைத்தாள் இருக்குமில்ல, அதுல எழுதுங்க. அவன் எடுத்ததை நான் பார்க்கலை. பார்க்காததைப் பத்திப் பேசுவேன் சார், கையெழுத்துப் போடமாட்டேன். எழுதற வரைக்கும் எழுந்திருக்கவும் மாட்டேன்."

மணி நாலே முக்கால். கிளார்க் மேஜை முழுக்கப் பேனா தேடினார். வத்சலா தன்னுடையதை நீட்டினாள்.