ஏதாவது ஒரு மலை

துண்டில் சுற்றியிருந்த கல்லை ராதாகிருஷ்ணன் விரலால்கூடத் தொடவில்லை. "அந்தச் சனியனை அங்கேயே வை," என்று மேசை ஓரத்தைக் காட்டிவிட்டு, எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

வசுந்தரா உட்கார்ந்தாள். துண்டுக்குள் இருந்தது வெண்கலக் கோடரி வார்க்கும் அச்சின் ஒரு பாதி. எழுத்தறியாக் காலத்து மனிதர்கள் கல்லில் குடைந்தது. கிள்ளானில் ராதாகிருஷ்ணன் வீடுகள் கட்டி விற்கும் இடத்தில், கடைக்கால் தோண்டும்போது கிடைத்தது. அன்றே தொல்பொருள் அலுவலகம் வேலையை நிறுத்திவிட்டது.

அச்சு அந்த நிலத்திலேயே கிடந்ததா, பள்ளத்தை மேடாக்கக் கொட்டிய மண்ணோடு வந்ததா? பாறைகளை ஆராயும் வசுந்தராதான் விடை சொல்ல வேண்டும். கல் பிறந்த குன்று தெரிந்தால் மண் வந்த வழியும் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் கிள்ளானைச் சுற்றியுள்ள ஒவ்வொரு குன்றின் கல்லையும் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டாள். ஊசி ஊசியாய்க் கருப்புப் படிகம் ஓடிய அந்த மணற்கல் எதனோடும் சேரவில்லை.

"இன்னும் என்னம்மா ஆராய்ச்சி? மண்ணு லோரியில வந்ததுலா. காண்ட்ராக்டர் எங்கே வெட்டி எங்கே கொட்டினானோ, யாரு கண்டா? ஏதாவது ஒரு மலைப் பேரைச் சொல்லிடு. மலை வந்து சண்டையா போடப் போகுது?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா, அங்கிள்?"

"உன் தம்பி தனேஷ் அங்கேதானே வீடு புக் பண்ணியிருக்கான்? பொண்டாட்டி மாசமா இருக்காளாமே. பிள்ளையை எங்கே தொட்டில் கட்டிப் போடுவாங்க, உன் லேப்லயா?"

வசுந்தரா சன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடிச் சன்னலுக்குக் கீழே பெட்டாலிங் ஜெயாவின் கார்கள் நகராமல் நின்றன.

அங்கே வீடு வாங்கு என்று தம்பியிடம் சொன்னதே அவள்தான். 'தெரியவில்லை' என்றால் அவனுக்கு வீடில்லை. பொய் சொன்னால், அதன்பிறகு நுண்ணோக்கியில் எந்த முகத்தோடு குனிவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மூலையிலிருந்த சாமி மேடையைப் பார்த்தாள். முருகன் படத்துக்கு முன்னால் சந்தனமும் குங்குமமும் அப்பிய ஒரு கல். அதன் உடைந்த பக்கம் விளக்கொளியில் மினுங்கியது.

"கும்பிட்டுக்கோ," என்றார். குரல் குழைந்திருந்தது. "சுங்கை பூலோவுல குன்றையே வாங்கிட்டேன்ல, அந்த பூமி பூஜையில வெட்டின முதல் கல்லு. அன்னைக்குத் தொடங்கின வெட்டு வேலை இன்னும் நிக்கலை. மேலே பூரா பங்களாதான். என் மொத்த வாழ்க்கையும் அதுலதான் இருக்கு."

வசுந்தரா எழுந்துபோய்க் கைகூப்பினாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தவள், நிமிர வெகுநேரம் ஆயிற்று. திரும்பியபோது கண்கள் கலங்கியிருந்தன.

"சரி அங்கிள். பேரைச் சொல்றேன்."

"அப்படி வாலா வழிக்கு!" அவர் உடனே தொல்பொருள் அதிகாரி குகனை அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் வைத்தார். "பாஸ், மேடம் கண்டுபிடிச்சிட்டாங்க. என் கிள்ளான் நிலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்!"

"அப்படின்னா நீங்க அங்கே வேலையைத் தொடங்கலாம். ஆனா கல்லும் மண்ணும் எந்தக் குன்றோ, அங்கே இனி மண்ணு வெட்ட ஒரு சங்குல்கூட இறங்கக் கூடாது. அந்த நிலத்துக்காரர் இப்பவே கத்தப் போறாரு."

"கத்தினா கத்தட்டும், பாஸ்! பழைய பொருளு நாட்டுச் சொத்து இல்லையா? வேலி போட நானே ஆள் அனுப்புறேன்."

"ரொம்ப நன்றி சார். எந்தக் குன்று, மேடம்?"

வசுந்தரா சாமி மேடைக்குப் போய், குங்குமம் கலையாமல் அந்தக் கல்லை இரு கைகளாலும் தூக்கிவந்து, துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உடைந்த பக்கத்தில் அதே கருப்பு ஊசிகள்.

"அங்கிள், உறுதிப்படுத்த இதுல ஒரு சின்னத் துண்டு வெட்டிக்கட்டுமா?"