மனம் மாறியதா?

“ஆகவே, காலாகாலத்தில் வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களே அறிவாளிகள்!” என்று ஆங்கிலத்தில் முழங்கிவிட்டு, மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினான் நெட்டையன். சாக்பீஸ் டப்பா உருண்டு கீழே விழுந்தது.

பேராசிரியர் மதிப்பெண் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். “யார் சொன்னது?”

“ஆராய்ச்சி சொல்லுது சார்.”

“எந்த ஆராய்ச்சி?”

“ரொம்பப் பெரிய ஆராய்ச்சி சார்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ‘சான்று’ என்ற கட்டத்தில் ஒரு முட்டை போட்டார்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இன்று ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. ஆளுக்கு மூன்று நிமிடம், தலைப்பு அவரவர் இஷ்டம். கேட்பவர் மனதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். குரல், பார்வை, சான்று என்று தாளில் கட்டங்கள் இருந்தன. ‘மனம் மாறியதா?’ என்ற கடைசிக் கட்டம் அவராகவே சேர்த்தது. அதில் இதுவரை எவரும் இரண்டு மதிப்பெண்ணைத் தாண்டியதில்லை. யார் எதைச் சொன்னாலும் “ஆனா...” என்று ஆரம்பிக்கிற மனிதரிடம் வேறென்ன கிடைக்கும்? மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே ‘ஆனா சார்’.

இன்று அவர் கவனம் தாளில் இல்லை. சட்டைப் பையில் விருப்ப ஓய்வுக் கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாலு மணிக்குள் முதல்வரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், இன்னும் இரண்டு வருடம் மிச்சமிருக்கிற வேலைக்கு இந்த மாதத்தோடு ஒரு கும்பிடு. விஷயம் மனைவிக்குத் தெரியும். படிவம் கொடுத்த அலுவலக எழுத்தருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

அடுத்து வந்தவள் கண்ணாடி போட்ட பெண். இரண்டு வருடமாக “எஸ் சார்” தவிர வாய் திறக்காதவள். இன்று மடமடவென்று பேசினாள். வீட்டில் இருந்தபடி ரோஜாச் செடி வளர்ப்பதில் எத்தனை சுகம் என்று ஒரு பிழையில்லாமல் சொன்னாள். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, தலைப்பு லேசாக உறுத்தவும் செய்தது.

மூன்றாமவன், பகல் தூக்கம் உடம்புக்கு நல்லது என்றான். நான்காமவன், வயதானவர்கள் இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்றான். சொல்லும்போது நேராக அவர் கண்ணையே பார்த்தான். ‘பார்வை’ கட்டத்தில் முழு மதிப்பெண் போட வேண்டியதாயிற்று.

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுத்தர் வாயில் எதுதான் நின்றது? மொத்த வகுப்பும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு அவரை வழியனுப்புகிறது! இருபத்தெட்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினவனுக்கு இதுதானா மரியாதை? உண்மையிலேயே வலித்தது.

கடைசியாக வகுப்புத் தலைவி எழுந்தாள். “சார், என் தலைப்பு, ‘போகிறவரைத் தடுக்காதே’.”

“போதும்மா, உட்காரு!” அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்னை வீட்டுக்கு அனுப்பணும், அதானே? லெட்டர் பையிலேயே இருக்கு. பாத்துக்கோங்க!”

கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மனசு ஆறவில்லை. எட்டாகக் கிழித்தார்.

“சார், அவசரப்படாதீங்க சார்!” என்று பதறினான் நெட்டையன்.

“நான் எங்கயும் போகப் போறதில்ல. இன்னும் ரெண்டு வருஷம் இங்கேதான். மார்க்கை வீட்டுக்குப் போய் ஆற அமரப் போடறேன். ஒருத்தராவது என் மனசை மாத்தினீங்களா? எப்படிப் பாஸாகறீங்கன்னு பாக்கறேன்!”

வகுப்பு தலையைக் குனிந்துகொண்டது. அவர் வெற்றி வீரராக வெளியே நடந்தார்.

வீட்டு வாசலில் மனைவி ஆவலாக நின்றிருந்தாள். “என்னங்க, லெட்டரைக் குடுத்தாச்சா?”

“கிழிச்சாச்சு!”

அவள் முகம் வாடியது. “ஐயோ! இனிமே நாள் முழுக்க வீட்டோட இருப்பீங்கன்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்!”

“ஆனா, என் வேலையை நான்தானே முடிவு பண்ணணும்?” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, மதிப்பெண் தாளோடு கூடத்தில் போய் உட்கார்ந்தார். வெகுநாள் கழித்து விசிலடிக்கக்கூடத் தோன்றியது.

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனை எடுத்து வகுப்புத் தலைவியை அழைத்தாள்.

“ரொம்ப நன்றிம்மா. அன்னிக்கு வாய் தவறி, ‘இன்னும் ரெண்டு வருஷம் வேலை பாருங்களேன்’னு சொல்லிட்டேன். அன்னிக்கே உட்கார்ந்து லெட்டர் எழுதிட்டார். நல்லவேளை, நான் சொன்ன மாதிரியே நீங்க எல்லாரும் போகச் சொன்னீங்க.”

“சார் போயிட்டா எங்களோட யாரும்மா சண்டை போடுவாங்க?”

“வீட்டோட இருந்தா முழுச் சண்டையும் எனக்குத்தானேடி வரும்!”

“ஆனா அம்மா, சார் எங்க எல்லாரையும் ஃபெயில் பண்ணப் போறாராம்...”

“அட, அதுக்கா பயப்படறே?” என்றபடி அடுப்பிலிருந்து காப்பியை இறக்கினாள் அவள். “இதோ போய், ‘ஒருத்தரையும் பாஸ் பண்ணிடாதீங்க’ன்னு கண்டிப்பாச் சொல்லிடறேன்!”