புத்தகத்தில் இருக்கும் ஆள்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் சமையலறைக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான்.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை கழுவினான். நூலகப் புத்தகத்தில் கிரீஸ் விரல் பதிந்தால் மனைவியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான்.

புத்தகம் கட்டிலில், அவன் படுக்கிற பக்கத்தில் ஒய்யாரமாகக் கிடந்தது. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

இதுவரை அவள் அவனிடம் எந்தக் கதையையும் மறைத்ததில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து வருகிற வழியில் நூலகத்துக்குள் நுழைவாள். புதிதாக வந்த நாவல்களை அள்ளிக்கொண்டு வருவாள். படித்ததையெல்லாம் காய் நறுக்கிக்கொண்டே அவனுக்குச் சொல்வாள். அவன் பிறந்ததிலிருந்து ஒரு நாவல்கூடப் படித்தவனில்லை. கதை மட்டும் வண்டி வண்டியாகத் தெரியும்.

இந்தத் தடவை முதலில் சரித்திர நாவல். தளபதியின் குதிரை பாதிப் புத்தகம் வரை நிற்காமல் ஓடுகிறதாம். எழுதினவருக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் இருந்தால் அதற்கு ஒரு வாய் தண்ணீர் காட்டியிருக்க மாட்டாரா என்று கத்தியை ஆட்டி ஆட்டி நியாயம் கேட்டாள். ராணியின் நகைகளைப் பக்கம் பக்கமாக வர்ணித்திருக்கிறார், அத்தனையையும் மாட்டிக்கொண்டு அவள் எப்படி மதில் ஏறிக் குதித்தாள் என்று சிரித்தாள்.

அடுத்தது மர்ம நாவல். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு பிணம். லிஃப்ட் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த இடத்தில் கதவு திறக்கவே திறக்காது, எழுதின ஆள் படிக்கட்டில்தான் போய் வருவார் போலிருக்கிறது என்று ஒரே போடாகப் போட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கொலைகாரன் யாரென்று தனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது, போலீஸுக்குத்தான் கடைசிவரை புத்தி வரவில்லை என்றாள்.

மூன்றாவது இது. அட்டையில் 'காதல் நாவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். கதையைச் சொல்லேன் என்றதற்கு, அது சொல்கிற கதை இல்லை என்றுவிட்டு வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள்.

வாய் ஓயாமல் பேசுகிறவள் வாயை மூடிக்கொண்டால் சும்மாவா? நாவலை முடித்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நூலகத்தில் கேட்டுக் கெடுவை நீட்டித்துக்கொண்டு வந்தாள். படிக்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு. கல்யாணமான புதிதில் அவனைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறாள்.

அந்தக் கதாநாயகனை அவன் மனசுக்குள் கற்பனை செய்து பார்த்தான்.

எவன் அவன்? உயரமாக இருப்பான். தலை நிறைய முடி இருக்கும். வேலை வெட்டி இல்லாமல் கடற்கரையில் நின்று கவிதை சொல்லுகிற பயலாகத்தான் இருப்பான். காகிதத்தில் இருக்கிற ஆளோடு மல்லுக்கட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? லிஃப்டுக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பின்பக்கக் கண்ணாடியில் தன் வழுக்கையையும் அதைச் சுற்றியிருந்த நரையையும் பார்த்துவிட்டு ஸ்பானரைக் கீழே போட்டான். அன்றைக்குத் தலைக்குச் சாயம் வாங்கிவந்து, பூசத் தைரியம் இல்லாமல், கருவிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புத்தகத்தைக் கையில் எடுத்தான். அது தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்துகொண்டது. திரும்பத் திரும்ப அந்த இடத்தைத்தான் திறந்திருக்கிறாள்.

சரி, பயல் இங்கேதான் இருக்கிறான்.

விரல் வைத்துப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதாநாயகி கட்டிலில் குறுக்காக, கை காலை விரித்துப் படுத்திருக்கிறாள். ஜன்னல் திறந்திருக்கிறது. மின்விசிறியைத் தனக்குப் பிடித்த வேகத்தில் வைத்திருக்கிறாள். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பசித்தபோது எழுந்துபோய்ப் பாத்திரத்திலிருந்தே சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் வந்து படுக்கிறாள்.

இப்போது வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினான். அவள் தூங்கி எழுந்தாள். தலை வாரினாள். இன்னொரு பக்கம் திருப்பினான். அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவை யாரும் தட்டவில்லை.

ஒருவேளை வந்துவிட்டுப் போய்விட்டானோ என்று முந்தைய பக்கங்களைப் புரட்டினான்.

அங்கே ஒருவன் இருந்தான். குடிக்க மாட்டான். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து வீட்டில் கொடுப்பான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவளுடைய கணவன். குறை என்று ஒன்றைச் சொல்ல முடியாத மனிதன் என்றுதான் எழுதியிருந்தது. அந்த அத்தியாயத்தின் முடிவில் அவன் மாரடைப்பில் செத்துப்போயிருந்தான்.

தண்ணீர்ச் சத்தம் நின்றதை லிஃப்ட் மெக்கானிக் கவனிக்கவில்லை.

மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அவன் கையில் இருப்பதைப் பார்த்தாள். கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதுவரைக்கும் வந்திருக்கிறான் என்று ஆசையாகக் கேட்டாள். புருஷன் சாகிற வரைக்கும் என்றான். அப்படியானால் இனிமேல்தான் கதையே என்றாள். முகம் முழுக்க அந்தச் சிரிப்பு.

இத்தனை நாளாக அவன் கறுவிக்கொண்டிருந்த அந்தக் கவிதைப் பயல் எப்படியாவது வந்து தொலைந்தால் தேவலை என்று இப்போது இருந்தது.

"அதுக்கப்புறம் அவளுக்கு வேற யாராவது வருவாங்களா?" என்று கேட்டான்.

"எதுக்கு?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.