மீட்டிங்குல அழுத கொளந்தை

அட, உக்காருங்க சாமி! பேச்சை நிறுத்துங்க. அங்க யாரு கடலை கொறிக்கறது? வாயை மூடுனாத்தான் மீட்டிங் சமாச்சாரம் சொல்லுவேன்.

நம்ம உடுமலைப்பேட்டைல சென்னகிருஷ்ணன் மொதலாளியோட ஜின்னிங் பேக்டரி. பருத்தியையும் கொட்டையையும் பிரிக்கற எடம். வேலைக்கு வாரதெல்லாம் பொம்பளைங்க. கைக்கொளந்தையக் கூட்டியாந்து ஷெட்டுக்குள்ளயே தூளி கட்டிப் போட்டுருவாங்க.

அன்னிக்கு மதுவிலக்கு ஆபீசர் வந்துட்டாருங்க. கோட்டு, மைக்கு, தொண்டையில ஒரு கனைப்பு.

"தாய்க்குலமே! க்ஹூம்! அபினி என்பது அரக்கன்! அரசாங்கம் அதற்குத் தடை போட்டுவிட்டது! க்ஹூம்! ஆனால் இன்னும் சில தாய்மார்கள், பிள்ளை தூங்குவதற்காகக் கடுகளவு அபினியை..."

"ங்ஙே...!"

மயிலாத்தா மடியில கெடந்த பையன். மைக்கையே தோக்கடிக்கற தொண்டை. ஆபீசரு "அபினி"ங்கறாரு, அவன் "ங்ஙே"ங்கறான். பொம்பளைங்க முந்தானைல வாயைப் பொத்திச் சிரிக்கறாங்க.

"யாரம்மா அது? பால் கொடுத்தாயா?"

மயிலாத்தா தலைய மட்டும் ஆட்டுனா. அவ எப்பவுமே அப்படித்தானுங்க. வாயைத் தொறக்க வெக்கோணும்னா கடப்பாரை வேணும்.

மேஸ்திரி தம்பிதுரை ஓடியாந்து குனிஞ்சான்.

"ஏனம்மணி, மொதலாளி மொறைக்கறாரு. நித்தமும் இவனோட ரோதனை. வேலையப் போட்டது போட்டபடி தூளிக்கு ஓடற. இவனைத் தூங்க வெக்கறதுன்னா நாளைக்கு வா. இல்லாட்டி வராத. ஆமா!"

அவ புள்ளையத் தட்டிக்குடுத்தா. அவன் இன்னும் ஒரு கட்டை ஏத்திப்போட்டான்.

ஆபீசருக்குப் பொறுக்கலீங்க. தூளி வரிசையக் கை காட்டுனாரு.

"அங்கே பாரம்மா! எத்தனை குழந்தைகள்! இவ்வளவு சத்தத்திலும் அசையாமல் தூங்குகின்றன! அதுவல்லவா வளர்ப்பு! உன் பிள்ளை மட்டும் ஏன் இப்படி?"

மொதலாளி மண்டைய ஆட்டறாரு. மேஸ்திரி கை தட்டறான். இத்தனை நேரம் சிரிச்சுட்டிருந்த பொம்பளைங்க மட்டும், சொல்லி வெச்சாப்பல, தலையக் குனிஞ்சுட்டாங்க.

"அவங்களைக் கேட்டு, அவங்களாட்டமே தூங்க வெக்கறதுதான?"ன்னான் தம்பிதுரை. "சோலி வேணுமா, வேண்டாமா?"

மயிலாத்தா எந்திரிச்சா. புள்ளையத் தோள்ல போட்டா.

"மூத்ததுக்கு நானும் அவங்களாட்டமே அபினி வெச்சுத்தானுங்க தூங்கப் போட்டேன். அது அழுவவே இல்லீங்க. அப்பறம் எந்திரிக்கவும் இல்லீங்க. சோலி போனாப் போச்சாதுங்க... இவன் அழுவட்டும்."