மாடிக்கு வந்த ஆறு

ஆற்றோரச் சைரன் அலறியது. கடல் ஏற்றத்தில் இருந்ததால் மழைநீர் வடியவில்லை. நடக்க முடியாத கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, செல்வராணி எதிர்வீட்டுக் கேட்டைத் தட்டினாள். அந்தத் தெருவில் யுகேந்திரன் வீட்டுக்கு மட்டுமே மாடி இருந்தது.

"அண்ணே, தண்ணி வடியற வரைக்கும் மேல இருந்துக்கிறோம்."

"போன தடவ நீங்க வந்து மாடி முழுக்கச் சேறு! பாலாய் ராயா மண்டபத்துல எல்லாரையும் தங்க வைக்கிறாங்க, அங்க போங்கலா."

"மெயின் ரோடு முங்கிருச்சுண்ணே."

அவர் கேட்டைப் பூட்டினார்.

ஆனால் தெருவுக்குத் தண்ணீர் வரவே இல்லை. மாலையில் யுகேந்திரன் மார்புவரை நனைந்து செல்வராணி வீட்டுக்கு ஓடி வந்தார். அவருடைய மாடியிலிருந்து பழுப்பு ஆற்றுநீர் படியிறங்கி, காய்ந்த தெருவில் அவர் வந்த வழியிலேயே வந்தது.

"உள்ள வாங்கண்ணே." செல்வராணி துண்டு கொடுத்து மைலோ கலக்கினாள்.

தண்ணீர் அவள் வாசற்படியில் நின்றது. அவர் வெளியே வருவதற்காக அங்கேயே காத்திருந்தது.