அளவுக்கு வைத்த பேனா

எண்ணெய்க் கிணற்றின் அடியாழத்திலிருந்து வெட்டியெடுத்த பாறையைப் பற்றிப் பூவராகவன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை பத்திரிகையிலிருந்து மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. அளவு காட்டுவதற்காகப் பாறையருகே கையை வைத்துப் படம் எடுக்கக் கூடாதாம்; பேனாவை வைக்கலாமாம். அவர் எங்கே கையை வைத்தார்? தனியாக, இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டல்லவா எடுத்தார்! அலுத்துப்போய், மூடிய பேனாவை வைத்து மீண்டும் எடுத்தார்.

திருவள்ளூர் ஸ்டூடியோக்காரர் துலுக்காணம் படத்தைக் கழுவி நீட்டினார். "இன்னா சார், இந்த வாட்டியும் கைய வெச்சிக்கினு எடுத்துட்டீங்களே?"

போன படத்தில் இருந்த அதே கை. பேனாவின் மூடியைக் கழற்றி, எழுதுவதற்குத் தயாராகப் பிடித்திருந்தது.

"இருக்கட்டும்பா, இதையே அனுப்பிடறேன்."

வீட்டுக்கு வந்து கட்டுரையின் முதல் பக்கத்தைத் திரும்ப டைப் அடித்தபோது, தம் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்கும் இடம் விட்டார்.